பின்னால் போகத் தெரிந்த படகு

ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் கடலோடு கலக்கும் இடத்தில், 'பத்தாயிரம் தீவுகள்' என்று பெயர் பெற்ற அலையாத்திக் காடு இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் சில நூறு திட்டுகள்தான் தேறும். ஒவ்வொரு திட்டின் விளிம்பிலும் சிவப்பு அலையாத்தி மரங்கள் வளைந்த வேர்களை நீருக்குள் ஊன்றி நிற்கின்றன. அந்த வேர்களின் நிழலில் ஸ்னூக் மீன் பதுங்கியிருக்கும். நம் கழிமுகங்களில் கொடுவா மீனைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இருக்காது. அதே நீண்ட உடல், அதே துருத்திய கீழ்த்தாடை, மறைந்திருந்து பாயும் அதே குணம். உடலின் பக்கவாட்டில் வால் வரை ஓடும் கறுப்புக் கோடு மட்டும் ஸ்னூக்கின் தனி அடையாளம்.

தூண்டிலில் மாட்டியதும் ஸ்னூக் திறந்த நீரை நோக்கி ஓடுவதில்லை. வந்த வழியே வேர்களுக்குள் திரும்பப் பாய்கிறது. வேர்களில் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருக்கும். அவற்றின் விளிம்பில் ஒருமுறை உரசினால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். கரையில் நிற்பவர் என்றால் காலை ஊன்றி மீனை இழுத்து நிறுத்தலாம். கயாக் என்ற சிறு படகில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊன்ற நிலம் இல்லை. மீனை அவர் இழுக்கும் அதே விசையில் மீன் அவரை, படகோடு சேர்த்து, வேர்களை நோக்கி இழுக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகு, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரீலை 3 கிலோ இழுவைக்கு இறுக்கி வைத்திருக்கிறார், அதாவது சுமார் 30 நியூட்டன் விசை. அதற்கு மேல் இழுத்தால் ரீல் சுழன்று நரம்பு வெளியேறிவிடும். மீன் இந்த அளவு விசையோடு விடாமல் இழுத்தால் ஐந்தாவது வினாடியில் படகு 2 மீட்டர் நகர்ந்திருக்கும். பத்தாவது வினாடியில், நீரின் தடையைக் கழித்த பிறகும், ஏறத்தாழ 7 மீட்டர். ஸ்னூக்கைத் தேடிப் போகிறவர்கள் வேரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான் படகை நிறுத்துகிறார்கள். மீன் ஜெயிக்கப் பத்து வினாடி போதும்.

அந்தப் பத்து வினாடிக்குள் படகைப் பின்னால் எடுக்க வேண்டும். இரண்டு கைகளும் தூண்டில் கோலில் இருக்கின்றன. துடுப்பை எடுக்க வேண்டுமானால் கோலை விட வேண்டும். மிச்சம் இருப்பவை கால்கள்.

காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடிக் கயாக்குகள் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருமளவில் விற்பனையாகின்றன. விளம்பரங்கள் முன்னால் போகும் வேகத்தைத்தான் பெரிதாகப் பேசும். என் கருத்தில் இந்தப் படகுகளின் பொறியியலில் மிகச் சுவையான பகுதி பின்னால் போவதுதான். தண்ணீரில் பிரேக் என்று ஒன்று தனியாகக் கிடையாது. பின்னோக்கித் தள்ளும் விசைதான் அங்கே பிரேக். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கயாக்கில் மிதிப்பதை நிறுத்தினால் அது உடனே நிற்காது. நீரின் தடை ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் தடை கால்பங்காகிவிடும். படகு மெதுவாக ஆக ஆக அதைத் தடுத்து நிறுத்துவது எதுவும் இல்லாமல் போகிறது, அது வழுக்கிக்கொண்டே செல்கிறது. நம் 180 கிலோ படகின் மீது 60 நியூட்டன் பின்விசை செலுத்தினால் நாலு வினாடியில், மூன்று மீட்டருக்குள், நின்றுவிடும். ஆகவே 'ரிவர்ஸ்' என்பதைக் கூடுதல் வசதியாகப் பார்க்க முடியாது. மீன்பிடிப்பவருக்குப் படகின் மேல் இருக்கும் பாதி அதிகாரம் அதில்தான் இருக்கிறது.

காலின் விசையை நீருக்குள் கொண்டுபோக இரண்டு வழிகள் நடைமுறையில் நிலைத்திருக்கின்றன. ஒன்று ப்ரொப்பெல்லர், இன்னொன்று துடுப்பு இறகு. இரண்டும் பின்னால் போவதை வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. ஒன்றுக்கு அது பிறவியிலேயே வந்தது, மற்றொன்று அதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கற்றுக்கொண்டது.

முதலில் ப்ரொப்பெல்லர். இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி, சைக்கிள் பெடல் போலவே வட்டமாக மிதிக்க வேண்டும். பெடலின் அச்சு படகுக்குக் குறுக்கே கிடக்கிறது. அங்கே ஒரு ஜோடி சாய்பல் சக்கரங்கள் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பி, கீழே இறங்கும் செங்குத்துத் தண்டுக்குக் கொடுக்கின்றன. படகின் நடுவில் உள்ள துளை வழியே தண்டு நீருக்குள் இறங்குகிறது. அதன் அடியில் இன்னொரு ஜோடி சாய்பல் சக்கரங்கள் சுழற்சியை மறுபடி திருப்பி, படகின் நீளவாக்கில் கிடக்கும் ப்ரொப்பெல்லர் அச்சுக்குக் கொடுக்கின்றன. திரும்பும் போதே வேகமும் கூடுகிறது. ஓல்ட் டவுன் என்ற கயாக் நிறுவனத்தின் பெடல் அமைப்பில் இந்த விகிதம் 10.3. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ப்ரொப்பெல்லர் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றும்.

பத்து மடங்கு ஏன் வேண்டும்? மனிதக் கால் நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று மிதிக்கும்போது சுகமாக இருக்கும். பயிற்சி இல்லாத ஒருவர் நெடுநேரம் களைக்காமல் தரக்கூடிய திறன் 75 முதல் 100 வாட் வரைதான். ஒரு பழைய குண்டு பல்பை எரிக்கும் திறன். இந்தச் சொற்பத்தை வீணாக்காமல் உந்துவிசையாக மாற்ற வேண்டும். இங்கே இயற்பியல் ஒரு விதியை வைத்திருக்கிறது: நிறைய நீரை மெதுவாகத் தள்ளு, கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளாதே. விசை என்பது நீரின் நிறையையும் அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆனால் நீரில் விட்டுச் செல்லும் ஆற்றல், அதாவது வீண், வேகத்தின் இருமடியோடு ஏறும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகில் வினாடிக்குச் சுமார் 100 லிட்டர் நீரைக் கடந்து செல்கிறது. 30 நியூட்டன் விசை வேண்டுமானால் அந்த நீரை வினாடிக்கு 30 சென்டிமீட்டருக்கும் குறைவாக முடுக்கினாலே போதும். விட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், அதே விசைக்கு நீரை மூன்று மடங்குக்கு மேல் முடுக்க வேண்டியிருக்கும், வீணாகும் ஆற்றலும் மூன்று மடங்கைத் தாண்டும். இயந்திரப் படகின் குட்டை ப்ரொப்பெல்லரைக் கழற்றி இங்கே மாட்டினால் கால்கள் சீக்கிரமே ஓய்ந்துபோகும். கயாக்கின் ப்ரொப்பெல்லர் அகலமாகவும் இலைகள் மெலிந்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி பின்னால் போவது. சைக்கிளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஃப்ரீவீல் கடகடவென்று ஓடும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. கயாக்கில் அந்த ஃப்ரீவீல் இல்லை. பெடலும் ப்ரொப்பெல்லரும் பல்லோடு பல் பூட்டியவை. பின்னோக்கி மிதித்த கணமே ப்ரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுழல்கிறது, படகு பின்வாங்குகிறது. நெம்புகோல் இல்லை, பொத்தான் இல்லை, கையை எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் ப்ரொப்பெல் என்ற பெயரில் இந்த அமைப்பை மீன்பிடிக் கயாக்குக்குக் கொண்டுவந்தபோது, ஸ்னூக் பிடிப்பவர்களுக்குத் தேவையான குணமும் அதோடு வந்தது.

ஆனால் யோசனை புதியதில்லை. அமெரிக்க விடுதலைப் போரின்போது கனெக்டிகட்டைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல் ஓர் ஆள் மட்டும் அமரக்கூடிய நீர்மூழ்கியைக் கட்டினார். பெயர் டர்ட்டில், ஆமை. 1776 செப்டம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஈகிளின் அடியில் வெடிமருந்தைப் பொருத்த எஸ்ரா லீ என்ற சார்ஜன்ட் அதில் போனார். தாக்குதல் பலிக்கவில்லை. ஆனால் அந்த ஆமையின் முன்பகுதியில் இருந்த திருகு, கலத்தை உந்தப் பயன்பட்ட ப்ரொப்பெல்லர்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பின்னாளில் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அதை விவரித்து எழுதிய புஷ்னெல், ஒரு பக்கம் சுற்றினால் முன்னே போகும், மறுபக்கம் சுற்றினால் பின்னே போகும், கையாலும் சுற்றலாம், காலாலும் சுற்றலாம் என்று குறிப்பிட்டார். மனித வலுவில் ஓடிய முதல் ப்ரொப்பெல்லர்களில் ஒன்றே இரண்டு திசையும் அறிந்ததாக இருந்திருக்கிறது. பகைக் கப்பலின் அடியில் போய் நின்று திரும்ப வேண்டியவருக்கும், வேர்க்கூட்டத்தின் முன்னால் போய் நின்று மீனோடு திரும்ப வேண்டியவருக்கும் தேவை ஒன்றுதான்.

பிறவியிலேயே வந்த இந்தத் திறமைக்கு ஒரு குறை உண்டு. ப்ரொப்பெல்லரின் இலையை வெட்டிப் பார்த்தால் விமான இறக்கையின் குறுக்குவெட்டு தெரியும். நீரைக் கிழித்துச் செல்லும் முன்விளிம்பு உருண்டை, நீர் விலகும் பின்விளிம்பு கூர்மை, இடையில் ஒரு பக்கம் லேசான வளைவு. முன்னே போகும்போது இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. திசை மாறினால் கூர்விளிம்பு முன்னால் வந்துவிடுகிறது. வளைவு தப்பான பக்கம் நிற்கிறது. நீர் இலையை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு சுழலாக மாறுகிறது. அதே மிதிப்புக்குக் கிடைக்கும் விசை குறைகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீர் இலையைச் செய்ய முடியாதா? முடியும். துறைமுகத்தில் கப்பலின் மூக்கை இடமும் வலமும் தள்ளுவதற்காக அடிவயிற்றில் குறுக்காகப் பொருத்தும் உந்திகளில் அப்படிப்பட்ட இலைகளே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இரண்டு திசையும் சமமாக வேண்டும். கயாக் தன் பயணத்தில் பெரும்பகுதியை முன்னோக்கியே போகிறது. சில வினாடிப் பின்வாங்கலுக்காக நாள் முழுதும் கால்களை வருத்துவது நல்ல பேரம் ஆகாது.

அந்தக் குறையும் நடைமுறையில் பெரிதாகத் தெரிவதில்லை. நின்றுகொண்டிருக்கும் படகில் 100 வாட்டைச் செலுத்தினால், 30 சென்டிமீட்டர் ப்ரொப்பெல்லர் கோட்பாட்டளவில் 110 நியூட்டன் வரை தள்ள முடியும். இலை தலைகீழாக ஓடுவதால் திறனில் பாதி வீணானாலும் 70 நியூட்டன் வரை மிஞ்சும். மீன் இழுப்பது 30. படகு ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்வளவு விசை வராது, வேகம் குறைந்திருக்கும்போதுதான் வரும். அது நமக்குச் சாதகம், ஏனென்றால் பின்வாங்க வேண்டிய தருணங்களில் படகு ஏறக்குறைய நின்றுகொண்டுதான் இருக்கும். பெடல் மட்டும் அப்போது வழக்கத்தைவிடக் கனக்கும்.

இப்போது இறகு. கலிஃபோர்னியாவின் ஹோபி நிறுவனம் 1997-இல் மிராஜ் டிரைவ் என்ற அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் கிரெக் கெட்டர்மன். நீருக்கு மேல் எழும்பிப் பறக்கும் டிரைஃபாய்லர் என்ற பாய்மரப் படகை வடிவமைத்தவரும் அவரே. மிராஜ் டிரைவில் பெடல் வட்டமாகச் சுழலாது, மாறி மாறி முன்னும் பின்னும் அசையும். படகின் அடியில் தொங்கும் இரண்டு நெகிழ் இறகுகள் பக்கவாட்டில் விரிந்து, குறுக்கிட்டு, மறுபடி விரியும். பென்குயின் நீருக்குள் நீந்துவதைக் காட்டித்தான் நிறுவனம் இதை விளக்குகிறது. அந்த ஒப்புமை சரியானதே. பென்குயின் இறக்கையைக் கீழே அடிக்கும்போதும் மேலே தூக்கும்போதும் முன்னோக்கிய விசை பெறுகிறது. மிராஜ் இறகும் வெளியே வீசும்போதும் உள்ளே வீசும்போதும் படகை முன்னே தள்ளுகிறது.

அதன் ரகசியம் இறகின் முன்விளிம்பில் இருக்கிறது. அங்கே ஒரு விறைப்பான கம்பி ஓடுகிறது, பின்பகுதி மட்டும் வளையக்கூடிய ரப்பர் போன்ற பொருள். இறகு வலப்பக்கம் வீசினால் கம்பி முந்திப் போகும், பின்பகுதி நீரின் அழுத்தத்தில் வளைந்து பின்தங்கும். அந்தச் சாய்வு நீரைப் பின்னால் தள்ளுகிறது. இடப்பக்கம் வீசினால் வளைவு தானாக மாறிக்கொள்கிறது, நீர் மறுபடி பின்னால்தான் போகிறது. எந்தப் பக்கம் வீசினாலும் பலன் ஒன்றே. மீன்களும் பறவைகளும் சிறகோ வாலோ அடிக்கும் வீச்சு, வினாடிக்கு அடிக்கும் எண்ணிக்கை, முன்னேறும் வேகம் ஆகியவற்றுக்கு இடையே ஒரு விகிதம் இருக்கிறது, ஸ்ட்ரோஹல் எண் என்று பெயர். இயல்பான பயணத்தில் அது பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் அமைவதை 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இறகடித்து உந்துவது உயிரினங்கள் நெடுங்காலம் செதுக்கிய கலை. அதில் மனிதர் கைவைத்து வென்ற இடங்கள் சொற்பம், மிராஜ் அவற்றில் ஒன்று என்பதை மனதாரச் சொல்லலாம்.

ஆனால் அதே ரகசியம் பின்னால் போகும் வழியை அடைத்துவிட்டது. எந்தப் பக்கம் வீசினாலும் முன்னேதான் என்று ஆன பிறகு, எப்படி மிதித்தால் பின்னே போகும்? எப்படி மிதித்தாலும் போகாது. மிராஜ் படகு வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள், பின்வாங்க வேண்டியபோதெல்லாம் துடுப்பைத்தான் எடுத்தார்கள். 2010-களின் நடுவில் மிராஜ் டிரைவ் 180 வந்தது. இறகைத் தாங்கும் கம்பியைச் சுழலக்கூடியதாக ஆக்கி, ஒரு கயிற்றை இழுத்தால் இறகு அரைவட்டம் திரும்பி, விறைப்பான விளிம்பு படகின் பின்பக்கம் பார்க்கும்படி செய்தார்கள். மிதிப்பில் மாற்றம் இல்லை, படகு மட்டும் பின்னால் போகிறது. இறகு முழுதாகத் திரும்பிக்கொள்வதால் ப்ரொப்பெல்லருக்கு நேரும் தலைகீழ்க் குறை இதற்கு இல்லை. பின்னோக்கிய விசையும் முன்னோக்கிய விசைக்கு நிகராகவே கிடைக்கும். விலை, கயிற்றை இழுக்க ஒரு கை வேண்டும். ஸ்னூக் மாட்டிய கணத்தில் அந்த ஒரு கை பெரிய விலை.

இறகுக்கு வேறு பலன்கள் உண்டு. ஒரு பெடலை முழுதாக முன்னே தள்ளி வைத்தால் இரண்டு இறகுகளும் படகின் அடியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், முழங்கால் ஆழ நீரிலும் சிப்பித் திட்டின் மேல் வழுக்கிப் போகலாம். ப்ரொப்பெல்லர் தண்டு அரை மீட்டர் அளவுக்குக் கீழே தொங்குவதால் அங்கே அதைத் தூக்கியே ஆக வேண்டும். நீர்ப்புல் நிறைந்த இடத்திலும் ப்ரொப்பெல்லர் புல்லைச் சுற்றிக்கொள்ளும். அப்போது சில சுற்றுப் பின்னோக்கி மிதித்தால் சுற்றிய புல் அவிழ்ந்துபோவதும் உண்டு.

திசை எதுவானாலும் சுக்கான் என்ற சிக்கல் பொது. கயாக்கின் சுக்கான் அதன் அமரத்தில், பின்முனையில், இருக்கிறது. சுக்கான் பலகை முன்விளிம்பில் கீல் கொண்டு பின்னால் நீண்டிருப்பது. முன்னே போகும்போது நீர் கீலிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதால் பலகை தானே நேராக நின்றுகொள்ளும். பின்னே போகும்போது நீர் எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. பலகை இம்மி விலகினாலும் நீர் அதை மேலும் திருப்பும், மேலும் திருப்பும், கடைசியில் ஒரு பக்கமாக ஒடித்து நிறுத்தும். கையிலுள்ள பிடி திடீரென்று இழுபடும். கூடவே, முன்னே போகும்போது ப்ரொப்பெல்லர் பின்னே வீசும் நீர் சுக்கானின் மேல் பாய்வதால் மெதுவான வேகத்திலும் திருப்ப முடிகிறது. பின்வாங்கும்போது அந்த நீர் அணியத்தை, முன்முனையை, நோக்கிப் போய்விடுகிறது, சுக்கானுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் பின்னே போகும் கயாக் நேராகப் போகாமல் கோணிக்கொள்ளும். அனுபவம் உள்ளவர்கள் சுக்கானை நடுவில் இறுகப் பிடித்து, நாலைந்து சுற்று மட்டும் மிதித்து, நிறுத்தி, மறுபடி மிதிக்கிறார்கள். அலை பின்னாலிருந்து வரும்போது வேகமாகப் பின்வாங்கினால் தட்டையான அமரத்தின் மேல் நீர் ஏறிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சின்னச் சின்ன மிதிப்பின் நுணுக்கத்தைக் காண வர்ஜீனியாவின் செசபீக் விரிகுடாப் பாலம்-சுரங்கத்துக்குப் போக வேண்டும். 1964-இல் திறக்கப்பட்ட, பாலமும் சுரங்கமும் மாறி மாறி வரும் 28 கிலோமீட்டர் பாதை அது. அதன் தூண்களில் ஒட்டி வளரும் சிப்பிகளையும் நண்டுகளையும் தின்ன ஷீப்ஸ்ஹெட் மீன் வரும். உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டை, வாயில் மனிதரின் முன்பற்களைப் போலவே வரிசையான பற்கள். இரையைக் கவ்வாமல் கொறித்துத் திருடுவதில் கெட்டிக்கார மீன். அது கொறிப்பதை உணர வேண்டுமானால் நரம்பு செங்குத்தாக, தளராமல், தூணை ஒட்டி இறங்க வேண்டும். அதற்குப் படகு தூணிலிருந்து ஒரு கோல் நீளத்தில் அசையாமல் நிற்க வேண்டும். தூண்களுக்கிடையே ஓதநீர் பாய்ந்து ஓடுகிறது, தூணின் பின்னால் சுழிக்கிறது. நங்கூரம் போட்டால் ஒரே தூணோடு கட்டுண்டு போகலாம், சமயத்தில் ஆபத்தும் கூட. பெடல் படகுக்காரர் நீரோட்டத்தை எதிர்கொண்டு அணியத்தைத் திருப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று இடைவிடாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறார். கண் கோலின் நுனியில் இருக்கிறது. கால்கள் தாமாகவே நீரோட்டத்தோடு கணக்குப் பார்த்துக்கொள்கின்றன.

ப்ரொப்பெல்லர் படகு இங்கேதான் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். அரை வினாடிக்கு ஒருமுறை திசை மாற்ற வேண்டிய இடத்தில் கயிறிழுத்து இறகைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. ஹோபி நிறுவனத்தின் பதில் 2019-இல் வந்தது. மிராஜ் டிரைவ் 360-இல் இறகு அமைப்பு முழுவதுமே படகின் அடியில் முழுவட்டம் திரும்பும். பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் சாய்வாகவும் படகைத் தள்ளலாம். தூணிலிருந்து விலக வேண்டுமானால் அணியத்தைத் திருப்பாமலே குறுக்காக விலகலாம். பின்வாங்கும்போது சுக்கான் செயலிழக்கும் சிக்கலுக்கும் இதில் விடை இருக்கிறது, உந்தும் திசையையே திருப்ப முடிந்தால் சுக்கானைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் திருப்பு பிடியில் ஒரு கை போகிறது, உறுப்புகள் கூடுகின்றன, எடையும் விலையும் ஏறுகின்றன.

கடையில் பெடல் கயாக்கைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முன்னே மிதித்து வேகத்தைப் பார்க்கிறார்கள். 3.6 மீட்டர் நீளப் படகுக்கு அலை உண்டாக்கும் தடையே மணிக்கு எட்டரை கிலோமீட்டர் சுமாரில் ஒரு வரம்பு போட்டுவிடுகிறது. அதை நெருங்க நெருங்க எவ்வளவு மிதித்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது, எந்த நிறுவனத்தின் படகானாலும் வித்தியாசம் சொற்பம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் படகை ஒரு படகுத்துறைத் தூணின் அருகே கொண்டுபோய், இரண்டு கைகளாலும் தூண்டில் கோலைப் பிடித்துக்கொண்டு, காலால் மட்டும் அதை அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு யாரையாவது கரையிலிருந்து நரம்பை இழுக்கச் சொல்லி, பின்னால் போக முயல வேண்டும்.